தென்னஞ் சர்க்கரையும் அதன் உறையும்

உணவுப் பொருள்களைச் சிறு அளவில் தயாரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் பொருளைச் செய்து முடித்து, பின்னரே அதனை எதில் இட்டு விற்பது என்று எண்ணுகின்றனர். உறையும் லேபிளும் அலங்காரத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தே இதற்குக் காரணம். உண்மையில், பொருள் எந்த உறையில் செல்லப்போகிறது, அதன்மேல் என்ன எழுதப்படப்போகிறது என்னும் இரண்டும் முடிவானாலன்றி, அதனை எம்முறையில் செய்வது என்பதையே முடிவு செய்ய இயலாது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகள் இதனை விளக்க ஏற்றவை.

நல்லேப்பிள்ளி முதலிய ஊர்களைக் கொண்ட இவ்வட்டத்திலிருந்து கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் பெருமளவில் செல்கிறது. ஆகையால் பாளை சீவும் தொழில் இங்கே புதிதன்று. 2014-ஆம் ஆண்டில், புளிக்காத தென்னஞ்சாறாகிய நீராவை இறக்கி விற்கக் கேரள அரசு வழி செய்தபோது, தென்னை வளர்ப்போர் அதில் பெருநம்பிக்கை கொண்டனர். அந்நம்பிக்கை முழுவதும் நிறைவேறவில்லை. இதற்குக் காரணங்கள் பல. சாற்றைக் கெடாமல் அடைத்து வைப்பதில் உள்ள இடர்ப்பாடு அவற்றுள் ஒன்று.

பாளையிலிருந்து அப்போதுதான் வடிந்த சாற்றில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திற்குள் இச்சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. 200 மில்லிலிட்டர் சாற்றில் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அது முற்றிலும் புளித்தால் வெளிப்படும் கரியமிலவாயு ஏறத்தாழ 8 லிட்டர். பத்தில் ஒரு பங்கு புளித்தாலே முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட வாயு உண்டாகும். மூடி இறுக்கிய சிறு புட்டி அதனை எவ்வாறு தாங்கும்? புட்டி உடையாமல் நின்றாலும், உள்ளிருப்பது நீரா அன்று. சட்டத்தின் கண்ணில் அது கள். லேபிளில் எழுதிய பெயர் புட்டிக்குள்ளேயே பொய்யாகிவிடுகிறது.

எனவே நீராவை அடைக்க விரும்புவோர் இரண்டு வழிகளுள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்தெடுக்க வேண்டும். சாற்றைச் சூடேற்றி நுண்ணுயிர்களை அழிப்பதாயின், அவ்வெப்பத்தைத் தாங்கும் கலம் வேண்டும். குளிரில் வைத்து விற்பதாயின், மரத்தடியிலிருந்து கடை வரை குளிர் ஓரிடத்திலும் அறுபடக்கூடாது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இரண்டாவது வழியை மரத்தின் உச்சிக்கே கொண்டு சென்றது. வெப்பம் புகாத பெட்டியில் பனிக்கட்டி வைத்து, அதனுள் சாறு வடியுமாறு அது ஒரு சாதனம் அமைத்தது. இவ்வாறு கிடைக்கும் சாறு ‘கல்பரசா’ எனப் பெயர் பெற்றது. மரத்தில் கட்டும் கலயமும் ஒரு கொள்கலமே என்பதை இங்கே காணலாம்.

குளிர்ச் சாதனங்களுக்கு முதலீடு இல்லாதோர் சாற்றைக் காய்ச்சித் தென்னஞ் சர்க்கரையாக்குவதே எளிது. ஏறத்தாழ 7 லிட்டர் சாற்றிலிருந்து ஒரு கிலோகிராம் சர்க்கரை கிடைக்கும். அதாவது மூன்று நான்கு மரங்களின் ஒரு நாளைய சாறு, அம்மரங்களில் ஏறி இறங்கிய உழைப்பு, அடுப்பு எரிந்த விறகு ஆகிய யாவும் அந்த ஒரு கிலோகிராமில் அடங்கும். இச்சர்க்கரை ஈரத்தை எளிதில் இழுக்கும். சாறு சிறிது புளித்த பின்னர்க் காய்ச்சினால், அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸும் மிகும். ஈரத்தை இழுக்கும் இயல்பும் அதற்கேற்ப மிகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில், மெல்லிய பையில் இட்ட சர்க்கரை கட்டிபட்டுப் பிசுபிசுத்துப் போவதற்கு இதுவே காரணம்.

காகிதம் ஈரத்தைத் தடுக்காது. அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதிவது, மையிலுள்ள பொருள்கள் உணவில் ஏறும் என்பதால், 2018-ஆம் ஆண்டு விதிகளால் தடுக்கப்பட்டுமுள்ளது. பாலிதீன் நீராவியை ஓரளவு நன்கு தடுக்கும். மணத்தையும் பிராணவாயுவையும் அவ்வளவாகத் தடுக்காது. பாலியெஸ்டரும் பாலிதீனும் ஒட்டிய அடுக்குத்தாள் அதனினும் மேல். அலுமினியத் தகடு சேர்ந்த அடுக்குத்தாள் மிகச் சிறந்தது. ஆனால் விலை கூடியது, உள்ளிருக்கும் பொருளையும் காட்டாது. எது போதும் என்பதை ஊகத்தால் முடிவு செய்தலாகாது. பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தறியலாம்.

அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றில் சாதாரண உப்பின் பூரித கரைசலை ஊற்றி, கரையாத உப்பு அடியில் தங்குமாறு விட்டு, இறுக மூடினால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவில் நிலைத்து நிற்கும். உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடை இட்டால் அது 84 அளவில் நிற்கும். மழைக்காலத்திற்கு இதுவே பொருத்தமானது. சர்க்கரை நிரப்பி ஒட்டிய உறையைக் கரைசல் படாமல் ஜாடிக்குள் ஒரு தட்டின்மேல் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்து நிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 250 கிராம் சர்க்கரை 2.5 கிராம் ஈரம் ஏற்றவுடன் கட்டிபடுகிறது என்றும், எடை நாளொன்றுக்கு 0.05 கிராம் ஏறுகிறது என்றும் கொள்வோம். அவ்வுறையின் ஆயுள் 50 நாள். அதன்மேல் ஆறு மாதக் கெடு எழுதினால், மீதி நான்கு மாதங்களுக்கு மேற்பட்ட காலம் வெறும் எழுத்தே. லேபிளில் தேதி அச்சிடுமுன் இச்சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்; சோதனைக்கோ வாரங்கள் பல வேண்டும்.

உறையின் அளவை எடையைக் கொண்டு மட்டும் கணிப்பது மற்றொரு பிழை. பொடியாகச் சலித்த சர்க்கரையும் பருமணிச் சர்க்கரையும் ஒரே எடையில் வெவ்வேறு இடம் கொள்ளும். எந்தக் கண் சல்லடை என்பது முடிவான பின்னரே பை அளவு முடிவாகும். மேல் விளிம்பில் ஒட்டுவதற்கு இடம் விட வேண்டும்; அங்கே தூள் படிந்தால் ஒட்டு விட்டுப்போகும். சர்க்கரை முழுதும் ஆறுமுன் பையில் இட்டு ஒட்டினால், உள்ளெழும் நீராவி குளிர்ந்து துளியாகி மேற்பகுதியைக் கட்டியாக்கும். அப்போது உறையின் மேல் பழி சுமத்துவது வழக்கமாயினும், குற்றம் அவசரத்தினுடையதே.

இனி லேபிள். பொருளின் பெயர், உட்பொருள்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கெடு, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவு உரிம எண், ஊட்டச்சத்து விவரம், சைவக் குறியான பச்சை வட்டம், வரிகள் உட்பட உச்ச சில்லறை விலை, குறைகளைத் தெரிவிக்க வேண்டிய இடம் ஆகியவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும். இவை தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எழுத்தின் சிறும உயரத்தையும் விதிகள் வரையறுக்கின்றன. ஆதலின் சிறு பையில் எல்லாவற்றையும் திணிக்க முடியாமல், பையையே பெரிதாக்க நேர்வதுண்டு.

நல்லேப்பிள்ளியில் மொழி பற்றிய ஒரு சிக்கல் தனியாக உண்டு. இங்கே செய்த பொருள் சித்தூர்க் கடையிலும் விற்கும், பொள்ளாச்சிக் கடையிலும் விற்கும். தமிழில் ‘சர்க்கரை’ என்றால் வெள்ளையோ நாட்டுச் சர்க்கரையோ, தூளான பொருளே பொதுவாக நினைவுக்கு வரும். மலையாளத்தில் ‘சர்க்கர’ என்பது வெல்லம். சீனிக்குப் ‘பஞ்சசார’ என்று பெயர். தமிழ்ப் பெயரை அப்படியே மலையாள எழுத்தில் பெயர்த்து அச்சிட்டால், வாங்குபவர் வெல்லக்கட்டியை எதிர்பார்த்துத் தூளைக் காண்பார். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்தக் கடைத்தெருவில் வழங்கும் சொல்லைக் கேட்டறிந்து எழுத வேண்டும்.

‘நீரிழிவு உள்ளோருக்கு ஏற்றது’ என்னும் வாசகம் தென்னஞ் சர்க்கரைக்கு விருப்பத்துடன் சேர்க்கப்படும் ஒன்று. இச்சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோஸே. இத்தகைய வாசகத்தை நம்பி நோயாளி ஒருவர் தாராளமாக உண்டால் விளையும் தீங்கு சிறியதன்று. தக்க ஆய்வுச் சான்றின்றி இதனை அச்சிடுவது விதிகளுக்கும் மாறானது.

அடுக்குத்தாள் உறையில் நேரடியாக அச்சிடுவதற்கு, நிறத்திற்கு ஒன்றாக உலோக உருளைகள் செதுக்க வேண்டும். செலவைக் கருதி அச்சகங்கள் பெருந்தொகையாகவே அச்சிட முன்வரும். பின்னர் விலையோ, உரிம எண்ணோ, கெடுவோ மாறினால் உறைகள் யாவும் வீண். ஆதலின் தொடக்கத்தில் தரமான வெற்று உறையை வாங்கி, சிறு தொகையாக அச்சிட்ட ஒட்டுச்சீட்டைப் பயன்படுத்துவதே சிக்கனம். அச்சீட்டின் பசை ஈரக்காற்றில் பெயராமல் நிற்கிறதா என்பதையும் அதே ஜாடியில் வைத்துப் பார்த்துவிடலாம்.