வேலியும் வாக்குச் சீட்டும்

பழனி மலையிலே, காப்பிச் செடிகளுக்கும் மலைவாழைக்கும் நடுவே இருக்கிறது பண்ணைக்காடு பேரூராட்சி. தமிழ்நாட்டின் ஏனைய பேரூர்களைப் போலவே இங்கும் 2016-இல் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையின் காலம் முடிந்தது. மறு தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இடையே ஐந்து வருஷங்களுக்கு மேல் தனி அலுவலரின் நிர்வாகம். குழாயில் தண்ணீர் வராவிட்டால், "உனக்கு ஓட்டுப் போட்டோமே!" என்று கேட்பதற்கு ஆள் இல்லை. துப்பாக்கியின் நிழல் படாத நமது ஊர்களுக்கே இந்தக் கதியென்றால், ராணுவ முகாம்களின் நடுவே வாழ்ந்தவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் யுத்தத்தினால் வீடு வாசலைத் துறந்து ஓடினார்கள். அவர்கள் நிலம் 'உயர் பாதுகாப்பு வலய'மாயிற்று. 2009 மே மாதம் யுத்தம் ஓய்ந்தது, முள்வேலி அகலவில்லை. 1987 முதல் 1990 வரை நமது தேசத்துச் சேனையும் அங்கே இருந்ததையும், அதனால் மனக்கசப்பு விளைந்ததையும் நாம் மறக்கலாகாது.

2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதன் முதலாகத் தேர்தல் நடந்தது. 38 ஸ்தானங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தன. ஓய்வு பெற்ற நீதிபதி ஸ்ரீ ஸி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஆனால் கவர்னர் பீடத்தில் வீற்றிருந்தவரோ ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி! 1987-ஆம் வருஷத்துப் பதின்மூன்றாவது அரசியல் திருத்தம் ஏட்டில் எழுதி வைத்த நிலம், போலீஸ் அதிகாரங்களும் சபையின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

பிறகு நம்பிக்கை எப்படித் துளிர்த்தது? 2015-இல் ராணுவத்தைச் சேராத ஒருவர் கவர்னரானார். 2017-இல் பிலக்குடியிருப்புக் குடும்பங்கள் முகாம் வாசலில் ஒரு மாதம் இரவு பகலாகக் காத்திருந்து, மார்ச் முதல் தேதி தங்கள் நிலத்தில் கால் வைத்தன. அவ்வருஷம் ஜூலையில், 27 வருஷங்களுக்குப் பின், மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களுக்குத் திரும்பிற்று. சொந்தக் கிணற்றில் வாளியை இறக்குகிறவனுக்குச் சர்க்காரிடம் உண்டாகும் நம்பிக்கை, நூறு பிரசங்கங்களால் உண்டாகுமா?

ஆயினும் 2018 அக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தது. 2025 மே மாதம் உள்ளூர்ச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், மாகாண சபையின் கதவு அடைபட்டே கிடந்தது. பறித்த நிலத்தைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது. அந்த நிலத்தை ஆளும் உரிமையையும் தர வேண்டும்.

வார்டுத் தேர்தல்தானே என்று வீட்டில் இருந்துவிடும் நேயர்கள் இதைச் சற்றே யோசிப்பார்களாக. நாம் அலட்சியமாக மடித்துப் போடும் அந்தச் சீட்டுக்காகக் கடலுக்கு அப்பால் நம் மொழி பேசுகிறவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.