சரிவில் நிற்கும் ஜீப்பைப் பிடிப்பது எது?

மலைப்பாதை. சரிவான இடம். ஜீப்பின் பின்சக்கரம் பஞ்சர்.

டிரைவர் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குகிறார். வண்டி அசையாமல் நிற்கிறது. உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். "கொஞ்ச நேரந்தானே, உட்கார்ந்திருக்கட்டும்" என்று ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது.

அவ்வளவுதான். ஜீப் உருள ஆரம்பிக்கிறது!

கை பிரேக் அறுந்துவிட்டதா? இல்லை. இழுத்தது இழுத்தபடியே இருக்கிறது. பழைய ஜீப்பில் இப்படி நடக்கும். காரணம் தெரிந்தவர்கள் குறைவு.

கெங்கவல்லி பக்கத்தில் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஊர் இருப்பது சமவெளியில். ஆனால் ஒரு பக்கம் பச்சைமலை. தம்மம்பட்டிக்கு அப்பால் போனால் கொல்லிமலை. நாமக்கல் பக்கமிருந்து ஏறும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அங்கே வண்டியை ஓட்டுவது ஒரு வித்தை. நிறுத்துவது இன்னொரு வித்தை.

பிரேக் எங்கே இருக்கிறது?

ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. 1941-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி அதை ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. யுத்தம் முடிந்த பிறகு, 1947 முதல் மகிந்திரா கம்பெனி பாகங்களைத் தருவித்து இந்தியாவில் பூட்டியது.

அந்தப் பழைய ஜீப்புகளில் கால் பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். கை பிரேக் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது! கியர் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டில் ஒரு சிறு டிரம் இருக்கும். கை பிரேக் அதைத்தான் பிடிக்கும்.

இது மட்டமான ஏற்பாடு அல்ல. தண்டு ஐந்து தடவைக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஆகவே தண்டில் பிடிக்கும் பிடி, சக்கரத்தில் ஐந்து மடங்குக்கு மேல் பலமாகிறது. சிறிய டிரம், பெரிய பிடி.

பிறகு ஏன் உருள்கிறது?

பின்சக்கரங்களுக்கு நடுவில் டிபரன்சியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற இடம் கொடுப்பது அதுதான். தண்டை மட்டும் பிடித்தால், ஒரு சக்கரம் முன்னால் சுற்ற, மற்றது பின்னால் சுற்ற முடியும். இரண்டும் தரையில் பதிந்திருந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால் தடை போய்விட்டது! வழுக்குச் சேற்றில் ஒரு சக்கரம் நின்றாலும் இதே கதிதான்.

பின்னால் வந்த பல வண்டிகளில் கை பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. அங்கே இந்த ஆபத்து இல்லை. வேறு ஒன்று உண்டு. மலைக்காக என்று பெரிய டயர் மாட்டுகிறார்கள். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் மாட்டினால், அதே பிரேக்கின் பிடி தரையில் 100-க்கு 15 பங்கு குறைந்துவிடும். டயர் கம்பீரமாக இருக்கும், பிரேக் இளைத்திருக்கும்.

எண்ணெயை நம்பலாமா?

கம்பெனி பிரேக்கை எடுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுகிறவர்கள் உண்டு. கை பிரேக் கம்பியை மாட்ட அதில் இடம் இருக்காது. உடனே, பிரேக் எண்ணெய்க் குழாயில் ஒரு பூட்டு வைக்கிறார்கள். மிதித்துப் பூட்டினால் பிடித்தபடி நிற்குமாம்.

நிற்கும். எவ்வளவு நேரம்? மலை இறங்கி வந்த பிரேக் சூடாக இருக்கும். எண்ணெய் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். ஒரு துளி கசிந்தாலும் போச்சு. மாலையில் நின்ற வண்டி நடுநிசியில் நகரலாம்.

அதனால்தான், பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் பிரேக் விதி, நிறுத்தும் பிரேக்கை இரும்புப் பூட்டே பிடித்திருக்க வேண்டும் என்கிறது. காராக இருந்தால், 100 அடிக்கு 20 அடி உயரும் சரிவிலும் ஆள் இல்லாமல் நிற்க வேண்டும்.

டிஸ்க் போட ஆசையானால், கம்பியால் இழுக்கும் கை பிரேக்கும் சேர்ந்த டிஸ்க் உண்டு. டிஸ்க்குக்குள்ளேயே சிறு டிரம் வைத்ததும் உண்டு. ஆனால் பட்டறைக்குப் போகுமுன் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

ஜீப், கார், லாரி எதுவானாலும் கால் பிரேக், நிறுத்தும் பிரேக் இரண்டும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். இது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. வண்டி தானாக நகராதபடி செய்யாமல் டிரைவர் இறங்கிப் போகக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டுச் சட்டம்.

பதிவுப் புத்தக விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றவும் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தேய்ந்த லைனிங், இழுபட்ட கம்பி, கியர் பெட்டி எண்ணெயைக் கசியவிடும் சீல் இவற்றைப் புதிதாகப் போடுவது மாற்றம் அல்ல, ரிப்பேர். பழைய ஜீப்பின் கை பிரேக் பிடிக்காததற்குப் பாதிக் காரணம் அந்தச் சீல்தான். எண்ணெய் டிரம்முக்குள் இறங்கிவிடும். சில நூறு ரூபாய் வேலைக்குப் பதில் பல ஆயிரம் செலவழித்து டிஸ்க் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது! அதற்கு மேல் எதைச் செய்வதானாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

சோதிப்பது சுலபம். ஆளில்லாத லேசான சரிவில் கை பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, கால் பிரேக்கை மெல்ல விட வேண்டும். தண்டில் பிடிக்கும் ஜீப் சற்றே அசைந்துவிட்டு நிற்கும். அது கோளாறு அல்ல. நிற்காமல் நகர்ந்தால்தான் கோளாறு.

சக்கரத்தைத் தூக்குமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். நான்கு சக்கர கியரையும் போட்டுக்கொண்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். தரையில் உள்ள சக்கரங்களுக்குச் சரிவுப் பக்கமாகக் கட்டை வைக்க வேண்டும். நாமக்கல் லாரிக்காரர்கள் அந்தக் கட்டையை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். கட்டை இல்லாதவர்கள் கல்லைத் தேடுவார்கள். வைத்த கல்லைப் பாதையிலேயே விட்டுவிட்டும் போய்விடுவார்கள். இருட்டில் அதன் மேல் வந்து ஏறுவது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்!