பேலட்டின் நடு நிறங்களைப் பாருங்கள்

கடையில் ஐ ஷேடோ பேலட்டைத் திறந்ததும் உங்கள் விரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். முதலில் மினுங்கும் தங்க நிறம், அடுத்து கறுப்பு. இரண்டையும் மணிக்கட்டில் இழுத்துப் பார்த்து, "நல்லா பளிச்சுன்னு இருக்கே" என்று பில் போடச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து ஸ்மோக்கி ஐ போட்டால், யாரோ குத்துவிட்ட மாதிரி கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புக் கறை. "எனக்குக் கை வரல" என்று நொந்துகொள்கிறோம். பாவம் கை என்ன செய்யும்? வாங்கிய பேலட்டில் நடு நிறம் இருந்திருக்காது. மணப்பெண் அலங்காரம் என் தொழில். "இதுல ஏன்க்கா எனக்கு மட்டும் வரமாட்டேங்குது?" என்று பெண்கள் கொண்டுவந்து நீட்டும் பேலட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

ஸ்மோக்கி ஐயின் சூட்சுமம் பெயரிலேயே இருக்கிறது. இமை மயிர் முளைக்கும் ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, மேலே ஏற ஏறக் கலைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் தோலோடு கரைய வேண்டும். அந்தக் கரைதல்தான் புகை. நல்ல கறுப்பு இன்று ஒரு சாதாரணக் காஜலிலேயே கிடைத்துவிடுகிறது. கறுப்பிலிருந்து தோல் நிறத்துக்கு இறங்கி வரும் இரண்டு மூன்று படிகள்தான் சுலபத்தில் கிடைக்காது. பேலட்டுக்கு நாம் கொடுக்கும் காசு அந்தப் படிகளுக்கு.

போடும் முறையைப் பார்த்தால் விளங்கிவிடும். தோலைவிட ஓரிரு படி மட்டும் கருத்த, பளபளப்பே இல்லாத ஒரு நிறத்தை (மேட் என்பது இதைத்தான்) பஞ்சு போன்ற பிரஷ்ஷில் எடுத்து இமை மடிப்பில் முன்னும் பின்னுமாகத் தடவுவோம். கண்ணைத் திறந்தால் மடிப்புக்கு மேல் நிழல் விழுந்த மாதிரி தெரிந்தால் போதும். அடுத்து, அதைவிட அடர்ந்த பிரவுன், கண்ணின் வெளி மூலையில். கறுப்பு அதற்குப் பிறகுதான் வரும். மயிரோரத்தில் காஜலை இழுத்து, அது காய்வதற்குள் சின்ன பிரஷ்ஷால் கறுப்புப் பொடியை அதன் மேல் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு முதலில் வைத்த பிரஷ்ஷையே திரும்ப எடுத்து, புதிதாகப் பொடி எதுவும் தொடாமல், கறுப்பின் விளிம்பை மட்டும் வட்ட வட்டமாக உடைத்துவிடுவோம். மினுக்கம் பிடிக்குமானால் கடைசியில் இமை நடுவில் விரலால் ஒரு தொடல். எண்ணிப் பாருங்கள், மொத்தம் நாலு நிறம். பேலட்டில் 12 இருந்தாலும் 18 இருந்தாலும் ஸ்மோக்கி ஐக்கு வேலை செய்யப்போவது இந்த நாலுதான்.

(நிறத்தை அழுத்தி வைத்திருக்கும் சின்னத் தகரத் தட்டை ஒப்பனைக்காரர்கள் 'பேன்' என்பார்கள். தமிழில் எழுதினால் தலை அரிக்கிறது. நான் குழி என்றே சொல்லிவிடுகிறேன்.)

பேர்போன ஒரு பேலட்டை வைத்தே பார்ப்போம். அமெரிக்காவின் அர்பன் டிகே நிறுவனம் 2010-ல் 'நேக்கட்' என்ற 12 நிறப் பேலட்டைக் கொண்டுவந்தது. பிரவுன் நிறப் பேலட்டுகளுக்கு உலகமெங்கும் ஒரு மவுசு வந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு; 2018-ல்தான் அதை நிறுத்தினார்கள். அந்த 12-ல் சுத்தமான மேட் இரண்டே இரண்டு. மற்றவை ஏதோ ஒரு அளவில் மின்னும். மின்னுவதை மின்னுவதோடு சேர்த்துக் கலைத்தால் புகை வராது. ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி இமை முழுக்க ஒரே பளபளப்புதான் வரும். 2015-ல் அதே நிறுவனம் ஸ்மோக்கி கண்ணுக்கென்றே 'நேக்கட் ஸ்மோக்கி' வெளியிட்டது. அதிலும் 12 நிறம். கறுப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், பளபளப்பு இல்லாத, அல்லது இல்லையென்றே சொல்லத்தக்க நிறங்கள் நான்கு: பாஸ்வேர்ட் என்ற சாம்பல் கலந்த பிரவுன், விஸ்கி என்ற அடர் பிரவுன், காம்பஸ்ட், தர்ட்டீன் என்று இரண்டு வெளிர் நிறங்கள். பழையதைவிட எவ்வளவோ தேவலை. இறங்குவதற்குப் படி வைத்திருந்தார்கள்.

ஆனால் யாருடைய தோலுக்குப் படி? வெள்ளைத் தோலுக்கு நாலும் உதவும். நம்மூர் மாநிறத்தில் அந்த இரண்டு வெளிர் நிறங்களும் புருவத்துக்கு அடியில் கொஞ்சம் வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான். இமை மடிப்பில் வைத்தால் திருநீறு உதிர்ந்த மாதிரி இருக்கும். ஆக 12 நிறம் வாங்கி, கையில் மிஞ்சுவது இரண்டு படி. பேலட் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதை வேறொரு தோலை மனதில் வைத்து அடுக்கியிருக்கிறார்கள். இன்று கடையில் இருக்கும் பேலட்டுகளில் பலவற்றுக்கும் இதே கதைதான்.

அதனால் முதல் சோதனைக்குத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். பேலட்டைத் திறந்து கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். கன்னத்தோடு ஒப்பிடாதீர்கள், நம்மில் பலருக்கு இமைத் தோல் கன்னத்தைவிடக் கருத்திருக்கும். இமையைவிட வெளுத்தவை, இமை நிறத்திலேயே இருப்பவை எல்லாவற்றையும் மனதுக்குள் அடித்துவிடுங்கள். மின்னுகிறவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதுதான் உங்கள் பேலட். அதில் கறுப்பு தவிர மூன்று நிறமாவது ஒன்றைவிட ஒன்று அடர்ந்து நின்றால் தைரியமாக மேலே பார்க்கலாம். ஒன்றுதான் தேறுகிறது என்றால் பெட்டியின் அழகில் மயங்காமல் மூடிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மூன்று? மாநிறத்துக்கு முதல் படி இலவங்கப்பட்டை நிறம், அடுத்தது செங்கல் கலந்த பிரவுன், பிறகு வறுத்த காபிக்கொட்டை. இன்னும் கருத்த தோலுக்குக் காபிக்கொட்டையில்தான் கணக்கே தொடங்கும். அதற்கு மேல் அடர் கத்தரிப்பூ நிறமோ கறுப்பில் தோய்ந்த மெரூனோ வைத்தால், கறுப்பை மட்டும் வைத்துப் போட்டதைவிட ஆழமாகத் தெரியும். சாம்பல் நிறங்களில் மட்டும் ஜாக்கிரதை. மஞ்சள் சாயல் உள்ள தோலில் வெறும் சாம்பல் போட்டால் புகை மாதிரி தெரியாது, மூன்று நாள் தூங்காத களை வந்துவிடும்.

டெஸ்டர் இருந்தால் அடுத்த சோதனைக்கு மூன்று நிமிஷம் போதும். விரலால் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. விரலின் சூடும் எண்ணெயும் எந்தப் பொடியையும் வெண்ணெய் மாதிரி ஒட்டவைத்துவிடும். கைப்பையில் ஒரு பிளெண்டிங் பிரஷ் கொண்டுபோங்கள். முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தில் கறுப்பால் ஒரு கோடு, ஒரு விரற்கடை தள்ளி நடு பிரவுனால் ஒரு கோடு. இனி பிரஷ்ஷால் இரண்டுக்கும் நடுவில் இருபது தடவை வட்டமாகத் தேயுங்கள். நல்ல சரக்கானால் கறுப்பு பிரவுனாகி, பிரவுன் தோலாகி, கோடு இருந்த இடம் தெரியாது. இரண்டும் கலந்து சாம்பல் சேறானால், பிரவுனில் நிறமிக்குப் பதிலாக வெள்ளைப் பொடி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு திட்டுத் திட்டாக நின்று நடுவே தோல் எட்டிப் பார்த்தால், இமையிலும் அது அப்படித்தான் நிற்கும். கடை விளக்கையும் நம்பாதீர்கள். கையோடு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

டெஸ்டரைக் கண்ணில் மட்டும் வைக்காதீர்கள். நமக்கு முன்னால் எத்தனை பேர் விரல் விட்டார்களோ. மெட்ராஸ் ஐ சீசனில் சொல்லவே வேண்டாம்.

பிரஷ் பட்டதும் குழியில் பொடி பறந்தால் மட்டம் என்று உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. பொடியைச் சேர்த்துப் பிடிக்கும் எண்ணெய்ப் பசை குறைவாக இருந்தால் பறக்கும். ஆனால் அப்படிப்பட்ட மென்மையான பொடிதான் பெரும்பாலும் நன்றாகக் கலையும். கன்னத்தில் உதிர்வதற்கு வைத்தியம் சுலபம்: கண் ஒப்பனையை முதலில் முடித்து, உதிர்ந்ததைத் துடைத்துவிட்டு, ஃபவுண்டேஷனைப் பிறகு போடுங்கள். எனக்கு அதிகம் தொல்லை தருவது நேரெதிரானது, கல் மாதிரி இறுகிய பொடி. எண்ணெய் பட்ட விரலால் அடிக்கடி தொட்டாலும் நல்ல பொடியின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். செல்லோ டேப்பை அதன் மேல் ஒட்டி மெதுவாகப் பிரித்தால் அந்த ஏடு வந்துவிடும், அடியில் பழைய பொடி இருக்கும்.

பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் கொஞ்சம் படிக்கலாம். சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இரும்பு ஆக்சைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பிரவுன்கள் பெரும்பாலும் இந்த மூன்றின் கலவைதான். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை. மின்னுவது மைக்கா என்ற அபிரகத் துகள். துகள் சிறிதானால் பட்டு மாதிரி மெல்லிய மினுக்கம், பெரிதானால் ஜிகினா. 77266 இருந்தால் அது கரி. இரும்புக் கறுப்பைவிடக் கரியின் கறுப்பு ஆழம். நம் பாட்டிகள் விளக்குச் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்த மையிலும் இருந்தது கரிதான்.

சில பேலட்டுகளின் சிவப்பு, ஊதா நிறங்களைக் கண் பக்கம் பயன்படுத்த வேண்டாம் என்று அட்டையிலேயே எழுதியிருப்பார்கள். உதட்டுக்கு அனுமதித்த சில சாயங்களை அமெரிக்கச் சட்டம் கண்ணுக்கு அனுமதிப்பதில்லை என்பது காரணம். மெரூன் புகை ஆசையில் வாங்குகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் தயாரித்தது என்றால் உற்பத்தி உரிம எண்ணும், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் அட்டையில் இருக்க வேண்டும். பாதி விலைக்கு வரும் பிரபல பெயர்களில் பல இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். திறந்த டப்பா படத்துக்குள் 12 அல்லது 24 என்றிருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதற்கு.

ஜிகினாவைப் பற்றி ஒரு வார்த்தை. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பெரிய துகள் உள்ளதைத் தொடாமலிருப்பது நல்லது. உள்ளே விழுந்தால் உறுத்தும், கருவிழியைக் கீறவும் கூடும். இமையில் சுருக்கம் விழத் தொடங்கிய வயதில் மினுக்கத்தை மடிப்பில் வைத்தால் ஒவ்வொரு சுருக்கத்தையும் அது எண்ணிக் காட்டும்.

வெயில் நம் ஊரின் தனிப் பரீட்சை. ஏசி கடையில் அசையாமல் நின்ற நிறம், மே மாத மண்டபத்தில் ஹோமப் புகைக்கும் வியர்வைக்கும் நடுவே அரை மணியில் மடிப்பில் கோடாகத் திரண்டுவிடும். அதனால் வாங்கிய பேலட்டை விசேஷ நாளன்று முதல் முறையாகத் திறக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு இமையில் ஐ பிரைமர் தடவி, மற்றதில் தடவாமல், இரண்டிலும் ஒரே நிறத்தைப் போட்டுக்கொண்டு அடுப்படி வேலையைப் பாருங்கள். மாலையில் கண்ணாடி சொல்லும். பிரைமர் போட்ட இமையிலும் திரண்டிருந்தால் குறை பேலட்டில். பிரைமர் இல்லாத இமையில் மட்டும் திரண்டிருந்தால் பேலட்டைத் திட்ட வேண்டாம். எண்ணெய் வழியும் இமைக்கு எந்தப் பொடியும் அப்படித்தான்.

விலைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 குழி, குழிக்கு ஒரு கிராம், விலை 1,200 ரூபாய் என்றால் கிராம் 100 ரூபாய் என்று தோன்றும். அதில் உங்களுக்கு உதவுவது நாலு குழி என்றால் கிராம் 300. நாலு நிறத்தைத் தனித்தனியாக வாங்கிக் காந்தத் தட்டில் அடுக்கிக்கொள்வது பல சமயம் லாபம். தீர்ந்த நிறத்தை மட்டும் மறுபடி வாங்கலாம்.

போன தை மாதம் எனக்கென்று வாங்கிய 12 நிறப் பேலட் இதை எழுதும்போது எதிரே திறந்திருக்கிறது. இரண்டு குழிகளில் தகரம் தெரிகிறது: இலவங்கப்பட்டையும் காபிக்கொட்டையும். கறுப்பு பாதி இருக்கிறது. தங்க நிறத்தின் மேல் அச்சடித்த பூ இன்னும் அழியவில்லை.