பாதிப் படியில் உட்கார்ந்த பயம்

திண்டுக்கல்லுக்கு வந்தால் கண்ணை முதலில் இழுப்பது அந்தப் பெரிய பாறைதான். சாய்ந்துகொள்ளப் போடும் திண்டைப் போல இருப்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதன் உச்சியில் மலைக்கோட்டை. 1605-இல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் கட்டியது. பாறையிலேயே செதுக்கிய படிகளில் ஏறித்தான் மேலே போகவேண்டும்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். பாதித் தூரம் குதித்துக் குதித்து ஏறியவள், திரும்பிக் கீழே பார்த்தாள். அவ்வளவுதான், அதே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. கையெல்லாம் வேர்க்குது. நான் வரல, நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “மணிக்கட்டில் ரெண்டு விரலை வை. 15 விநாடியில் நாடி எத்தனை தடவை துடிக்குதுன்னு எண்ணு” என்றேன். எண்ணினாள். 32.

இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? நம் மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ‘அமிக்டலா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் மணி அடிப்பது அதன் வேலை. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் உடனே அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கைகால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. மூச்சு வாங்குகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிவிட்டது!

இந்த மணி யோசித்துவிட்டு அடிப்பதில்லை. இருட்டில் கயிற்றைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பிறகுதானே அது பாம்பில்லை என்று தெரிகிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் பயம் கெட்டதா? இல்லவே இல்லை. 1960-இல் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கெட்டியான கண்ணாடி மேசை. அதன் ஒரு பாதிக்குக் கீழே தரை ஆழத்தில் தெரியும். தவழும் குழந்தைகளை அதன் மேல் விட்டு, அவர்களைக் கூப்பிடும்படி அம்மாவிடம் சொன்னார்கள். நகர்ந்த 27 குழந்தைகளில் 3 பேர்தான் ஆழமாகத் தெரிந்த பக்கம் போனார்கள். பள்ளத்தைக் கண்டு தயங்குவது நம்மைக் காக்கும் குணம். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றருகே உங்களை நிறுத்துவதும் அதுதான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது அறியாமை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஆயிரம் பேர் ஏறி இறங்கும் அகலமான படியிலும் அந்த மணி அடித்தால்? அப்போதே இறங்கியிருந்தால் என் அக்கா மகளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிக்கலே அந்த நிம்மதியில்தான். ‘இறங்கியதால் தப்பித்தோம்’ என்று மூளை குறித்துக்கொள்ளும். அடுத்த முறை பத்தாவது படியிலேயே மணி அடிக்கும்.

இதற்கு வழி உண்டா? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அழுத ஒரு சின்னப் பையனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் பழகப் பழக, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் தன் விரலை முயல் கொறிக்கக்கூட அவன் விட்டான்!

நாங்களும் அப்படித்தான் செய்தோம். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட்டாள். அப்படி விடும்போது இதயத் துடிப்பு தணியும். தூரத்துக் கட்டடங்களைப் பார்க்காமல் காலடியில் இருந்த படியைப் பார்த்தாள். கிட்டே அசையாத ஒன்றைப் பார்த்தால் உடம்பு தள்ளாடுவது குறையும். மறுபடி எண்ணினாள். 25. உட்கார்ந்ததில் ஏறிய களைப்பும் தீர்ந்திருக்கும். ஆனால் முகமும் தெளிந்திருந்தது.

ஐந்து படி ஏறுவோம், உட்காருவோம். பிறகு பத்துப் படி. படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருப்போம், ஆனால் இறங்கமாட்டோம். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மூளை புதிதாகக் கற்றுக்கொள்வது அந்தக் காத்திருப்பில்தான். படிப்படியாக என்று தமிழில் சும்மாவா சொன்னார்கள்!

வகுப்பில் எழுந்து பேசப் பயமா? முதலில் கண்ணாடி முன்னால் பேசுங்கள். அடுத்து அம்மாவிடம், பிறகு இரண்டு நண்பர்களிடம். உங்கள் படிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கிணறு, உயரம், நாய் என்றால் மட்டும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தூரத்தில் சிறுமலை நீலமாகத் தெரிந்தது. பாறை விளிம்புக்கு அவள் போகவில்லை, நானும் போகவிடவில்லை. அங்கே அடிக்கும் மணி சரியான மணி.

“இன்னும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு மாமா” என்றாள். சொல்லிக்கொண்டே, நான் கேட்காமலேயே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள்.