அம்பத்தூரோடு நிற்கும் திட்டம்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. ஒரு கட்சி மனது வைத்தால் நாட்டின் போக்கையே மாற்றலாம் என்று காட்டிய ஊர் அது. அதே ஆவடியைச் சேர்ந்த கோவில்பதாகையில் இன்றைய கவலை வேறு. கார்த்திகையில் மழை கொட்டி ஏரி நிரம்பினால், தண்ணீர் எந்தத் தெருவுக்குள் புகும்?

இந்தக் கவலைக்குப் பின்னால் இருக்கும் காலநிலை மாற்றம் பற்றிய அரசியல் பேச்சில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. 2022-இல் முதல்வர் மு.க.ஸ்டாலின் தலைமையில் காலநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழு அமைந்தது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கமும் வந்தது. 2023-இல் வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் கரியமில உமிழ்வை நிகர பூஜ்ஜியமாக்குவோம் என்கிறது. நல்லவைதான். ஆனால் அந்தச் செயல்திட்டம் சென்னை மாநகராட்சிக்கானது. அம்பத்தூர் உள்ளே, ஆவடி வெளியே. மேற்கே ஆவடிப் பக்கம் உள்ள ஏரிகள் மழையைப் பிடித்து வைக்காவிட்டால், அந்த வெள்ளம் கிழக்கே சென்னையில் இருப்பவர்களையும் சும்மா விடாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காலநிலையைக் கட்சிகள் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டன. வட்டச் செயலாளர் கூட்டத்திலோ வார்டு பிரசாரத்திலோ அந்தப் பேச்சே எழுவதில்லை. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களுக்கு அந்தப் பணம் அவசியம், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நிவாரணம் அடுத்த தேர்தலுக்குள் கைக்கு வந்துவிடும். தூர்ந்துபோன வரத்துக்கால்வாயை மீட்டால் ஆக்கிரமிப்பாளர்களின் பகைதான் உடனே வரும், பலன் இரண்டு தேர்தல் கழித்துத்தான் தெரியும். எல்லாக் கட்சிகளும் தயங்குவது இந்த இடத்தில்தான்.

முடியாத காரியமா என்றால், இல்லை. 2003-இல் ஜெயலலிதா அரசு மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. கெடு வைத்தது, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றது. மாடிக்கு மாடி குழாய் இறங்கியது. வறட்சியில் தவித்த மக்களும் அதை ஏற்றார்கள். சட்டமும் கெடுவும் ஒன்றாக வந்ததால்தான் அது நடந்தது. 2050 என்ற ஆண்டு எந்தக் கவுன்சிலருக்கும் கெடு அல்ல.

ஆகவே, கோவில்பதாகைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் சரி, நிறுத்திக் கேளுங்கள். ஏரிக்கு வரத்துக்கால்வாய் எது? கலங்கலைத் தாண்டிய தண்ணீர் எந்த வழியாகப் போகும்? ஏரியில் கழிவுநீர் கலக்காமல் எந்த மாதத்துக்குள் தடுப்பீர்கள்? இதற்குப் பதில் தெரியாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.