விழித்தெழும் விரைவு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறி ரிவர்ஸ்டனை அடைவோரை, காற்றும் மூடுபனியுமே முதலில் எதிர்கொள்கின்றன. அம்மலையுச்சியில் அலைபரப்புக் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. இத்தகைய உயரிடங்களில் இயங்கும் கணினியொன்று மின்தடையால் அணைந்துவிட்டால், மின்சாரம் மீண்டதும் அது எத்துணை விரைவில் விழித்தெழும்? இது சிறிய வினாவன்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை நேயர்கள் மறந்திரார். செய்தி வேண்டிய வேளையில் கருவி உறங்கலாகாது அன்றோ?

1991இல் தோன்றிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவில், 2002ஆம் ஆண்டு முதல் ஆர்.சி.யு. என்னும் ஒழுங்கு முறை இடம்பெற்றுள்ளது. அதனை ஓர் உவமையால் விளக்கலாம்.

மலைச்சரிவில் பழைய ஒற்றையடிப் பாதையொன்றை மூட வேண்டியிருக்கிறது. காவலர் எவரையும் தடுத்து நிறுத்துவதில்லை. பக்கத்தில் புதுப் பாதை அமைத்து, இனி வருவோரை அதில் அனுப்புகிறார். பழைய பாதையில் முன்னரே புகுந்தவர்களுள் கடைசி ஆளும் வெளியேறிய பின்னரே அதனை மூடுகிறார். உட்கருவும் பழைய தகவலை இவ்வாறே அகற்றுகிறது. அதனைப் படித்துக்கொண்டிருக்கும் செயலிகள் யாவும் படித்து முடிக்கும் வரை அது காத்திருக்கிறது.

காத்திருப்பில் இருவகை உண்டு. ஒன்று, பொறுமையாக அமர்ந்திருத்தல். இதற்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் பல பங்குகள் செல்லும். மற்றொன்று, ஒவ்வொருவரிடமும் தூதனை ஓடவிட்டு, "வெளியேறிவிட்டீரா?" என்று வினவுதல். இது மிக விரைவானது. ஆயினும் செயலிகளின் வேலையை இடைமறிக்கும்.

கணினி விழித்தெழும்போது பயனாளரின் வேலை எதுவும் தொடங்கியிராது. வழிப்போக்கர் வராத விடியற்காலையில் தூதன் ஓடினால் யாருக்கு இடையூறு? எனவே தொடக்க வேளையில் மட்டும் விரைவு முறையைக் கையாளும் விருப்பத் தெரிவு 2015இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. பின்னர் அதுவே இயல்பான அமைப்பாயிற்று. உட்கருவின் தொடக்கப் பணி முடிந்ததும், விரைவு முறை தானாகவே விலகிப் பொறுமை முறைக்கு இடமளிக்கிறது.

இயல்பமைப்பைத் தேடி மாற்றுவோர் மிகச் சிலரே. ஆதலின் அதனை வகுப்பவர் செய்யும் தேர்வே, எண்ணற்ற கணினிகளின் நடைமுறையாகிவிடுகிறது. விடியலில் விரைவும் பகலில் பொறுமையும் வேண்டும் என்று காலமறிந்து வகுத்ததே இவ்வமைப்பின் சிறப்பு. ஒருமுறை மிச்சமாவது இமைப்பொழுதினும் சிறிது; தொடக்கத்தில் அத்தகைய காத்திருப்புகள் பல நேர்வதால், அச்சிறு துளிகள் சேர்ந்தே பயன் தருகின்றன.