மட்கிய உரத்தில் மட்காதவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்கே விரிந்த புறநகர்ப் பகுதிகளில் ஏரிப்பாசன வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. எனினும் பயிர் வளர்க்கும் ஆர்வம் மறையவில்லை. கொல்லையில் அரைக்கீரைப் பாத்தியும் மாடியில் தக்காளித் தொட்டியும் இன்றும் உண்டு. நகரக் குப்பையிலிருந்து செய்த மட்கு உரம் இவற்றுக்கும் இடப்படுகிறது. ‘இயற்கை உரம்’ என்னும் பெயரே அதன்மீது ஐயம் எழாமல் செய்துவிடுகிறது.

சிற்றூரின் எருக்குழியில் சாணமும் தழையும் சாம்பலும் சேர்ந்தன. நகரக் குப்பையிலோ காய்கறித் தோலுடன் தீர்ந்த மின்கலம், உதிர்ந்த வண்ணப்பூச்சு, உடைந்த குழல்விளக்கு, பதனிட்ட தோல்துண்டு ஆகியனவும் கலக்கின்றன. 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்து குடியிருப்புகள் பெருகிய இப்பகுதியில், பட்டறைத் தூசி வீட்டுக் குப்பையோடு சேரவும் வாய்ப்புண்டு. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் உரத்தினுள் நுழையும் வழி இதுவே.

நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும். உலோகத்தைச் சிதைக்க அவற்றால் இயலாது. உலர் எடையில் 100 கிலோ குப்பையில் 2 கிராம் ஈயம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோவுக்கு அது 20 மில்லிகிராம் ஆகும். மட்கும்போது கரியமில வாயு வெளியேறி எடை 50 கிலோவாகக் குறைந்தால், அதே 2 கிராம் ஈயம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆகிவிடும். மட்குதல் நச்சைக் குறைக்கவில்லை, செறிவாக்கியிருக்கிறது.

மண்ணிலுள்ள உலோகம் முழுவதும் செடிக்குள் ஏறுவதில்லை. ஈயத்தின் பெரும்பகுதி மண்துகளிலும் வேரிலும் தங்கிவிடும். இலையில் காணப்படும் ஈயத்தில் ஒரு பங்கு சாலைத் தூசியாகப் படிந்தது. அதை நன்கு கழுவி நீக்கலாம். காட்மியத்தின் இயல்பு வேறு. வேதிப் பண்பில் அது துத்தநாகத்தை ஒத்தது. செடி தனக்குத் தேவையான துத்தநாகத்தை உறிஞ்சும் வழியிலேயே காட்மியமும் நுழைந்து இலையை அடைகிறது. எத்தனை முறை அலசினாலும் அது போகாது. கனிகளைவிடக் கீரைகளில் இது மிகுதியாகச் சேரும். மண்ணின் அமிலத்தன்மை கூடினால் உறிஞ்சுதலும் கூடும். சுண்ணாம்பு இட்டால் குறையும். உரத்திலுள்ள மட்கும் உலோகத்தை ஓரளவு பிணைத்து வைக்கிறது. ஆனால், ஆண்டுகள் செல்ல மட்கு சிதையும், உலோகம் எஞ்சும்.

உடலில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவு நெல்வயல்களை அடைந்தது. அவ்வரிசியை நெடுங்காலம் உண்டோரின் எலும்புகள் நலிந்தன. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்னும் பொருள்பட ‘இத்தாய் இத்தாய்’ எனப்பட்ட அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என 1968இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கு நேர்ந்த மாசு மிகக் கடுமையானது. அதை நம் கீரைப்பாத்தியோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் மண்ணிலிருந்து உணவுக்கு உலோகம் செல்லும் பாதை ஒன்றே.

உரக்கிடங்கின் சல்லடை பெரிய துண்டுகளைத் தடுக்கும். காந்தம் இரும்பை ஈர்க்கும். நசுங்கிய மின்கலத்தின் பொடியோ இரண்டையும் கடந்துவிடும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு என வீட்டிலேயே பிரிக்கப் பணித்தது இதனால்தான். அவ்விதிகள் ஒரு கிலோ மட்கு உரத்தில் ஈயத்துக்கு 100 மில்லிகிராம், காட்மியத்துக்கு 5 மில்லிகிராம் என வரம்பும் வகுத்தன. வரம்பை மீறிய உரத்தை உணவுப் பயிர்களுக்கு இடலாகாது. வேறு பயன்பாட்டுக்குக் கொள்ளலாம். ஆய்வு செய்யப்படாத கலப்புக் குப்பை உரம் கைக்கு வந்தால், அதைக் கீரைக்கு இடாமல் செம்பருத்திக்கும் அரளிக்கும் இடலாம்.